ஒரு கோடு வந்த நாள்

அன்னபுஷ்பத்துக்குத் தன் மகளின் மாதவிலக்குத் தேதி மனப்பாடம். எந்த அம்மாவுக்குத்தான் இல்லை? வல்லத்தைத் தாண்டிப் புதிதாகப் போட்ட மனைகளில் ஒற்றை அறையும் ஒரு பாத்ரூமுமாக அவள் வீடு. புருஷன் லூர்துராஜ் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் வெங்காயம் உரிக்கிறாள். மகள் லிடியாவுக்கு ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் இடத்தில் இன்ஸ்பெக்ஷன் வேலை. விளக்கின் மூடியை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முடியளவு கீறல் இருந்தாலும் மார்க்கரால் வட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். அந்த லைனில் லிடியாவின் கண்ணைத்தான் நம்பினார்கள். அன்னபுஷ்பத்துக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மகளுக்குத் தேதி தப்பியது. ஒரு மாதம் அன்னபுஷ்பம் பொறுத்தாள். இரண்டாம் மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் மாதம் கேட்டேவிட்டாள்.

"ஷிப்ட் மாறி மாறி வருது, அதாம்மா," என்றாள் லிடியா. "லைன்ல நெறைய பொண்ணுங்களுக்கு இப்டித்தான். வராம கீறது நல்லதுதானே. அடிக்கடி ஆள் மாத்தி உட்டுட்டு பாத்ரூம் ஓட வேணாம்."

பெற்றவள் காதில் அது ஏறுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தெரிந்த முகம் எதுவும் இல்லாத படப்பைக்கு பஸ் ஏறினாள். மெடிக்கலில் தலையைக் குனிந்தபடி கர்ப்பம் பார்க்கும் கிட் ஒன்று வாங்கிவந்து, மகளை பாத்ரூமுக்குள் அனுப்பிவிட்டுக் கதவோரமாக நின்றாள். ஒரு கோடுதான் வந்தது. ஒரு கோடு என்றால் கர்ப்பம் இல்லை. மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஓவென்று அழுதாள். "எம் மானத்தக் காப்பாத்திட்ட தாயே" என்றாள். மகளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அன்றைக்கு வீட்டில் கோழிக்குழம்பு.

அதோடு விட்டாள் பாருங்கள், அங்கேதான் குடி கெட்டது. பிள்ளை இல்லையென்றால் வேறு எதனால் நின்றது என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதாமாதம் வரவேண்டியது வராவிட்டால் உடம்பு ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். நமக்கு அதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது தெரிந்துவிட்டால் காதைப் பொத்திக்கொள்வோம். ஊரில் யாரைக் குறை சொல்வது?

பிறகு தலைவலி வந்தது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு லிடியா ஷிப்டுக்குப் போனாள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் அவள் பார்த்து அனுப்பிய மூடிகள் திரும்பி வர ஆரம்பித்தன.

"இன்னா லிடியா, ஓரத்துல இம்மாம் பெரிய கீறல் கீது, தெரில உனக்கு?" என்று கேட்டார் சூப்பர்வைசர் ஃபிரடி. நல்ல மனுஷன்தான், இரண்டு தடவை பொறுத்தார், மூன்றாம் தடவை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். வீட்டிலும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டாள்.

"போன நோண்டிகினே இரு, கண்ணு அவிஞ்சிதான் போவும்," என்று அன்னபுஷ்பம் திட்டினாள். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது அவளுக்கு.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போது, பக்கவாட்டில் வந்த பைக் லிடியாவை இடித்துத் தள்ளியது. சிராய்ப்புதான். ஆனால் பைக் வந்ததே தெரியவில்லை என்றாள். அப்போதுதான் கண் டாக்டரிடம் போனார்கள். அந்தம்மா லிடியாவை நேரே பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விரலை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார். கண் டாக்டருக்கு இது எதற்கு என்று அன்னபுஷ்பத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

ஸ்கேன் எடுத்து வந்தபின் டாக்டர் நிதானமாகச் சொன்னார். "மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அதுல கட்டி. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. கட்டியால மொதல்ல பீரியட்ஸ் நின்னிருக்கு. அது பெருசானதும் மேல போற கண் நரம்ப அழுத்திடுச்சு. மார்ல பால் மாதிரி ஏதாவது கசிஞ்சுதாம்மா?"

லிடியா தரையைப் பார்த்தாள். "ஒன்ற வருஷமா," என்றாள்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றாள் அன்னபுஷ்பம்.

"அன்னிக்கி ஒரு கோடு வந்ததும் நீ எவ்ளோ சந்தோஷப்பட்டம்மா. கல்யாணம் ஆவாத பொண்ணுக்குப் பால் வருதுன்னா மறுபடி சந்தேகப்படுவியே. உள்ள துணி வெச்சிகினு வேலைக்குப் போனேன்."

அன்னபுஷ்பம் மகளைப் பார்க்க முடியாமல் டாக்டர் பக்கம் திரும்பினாள். "கண்ணு வந்துடுங்களா?"

"மாத்திரைல கட்டி சுருங்கும்மா. பீரியட்ஸ் திரும்ப வரும். நின்னப்பவே கூட்டிட்டு வந்திருந்தா கண்ணக் காப்பாத்தியிருக்கலாம். ரொம்ப நாள் அழுத்தியிருக்கு. ஓரப் பார்வை எவ்ளோ திரும்பும்னு என்னால சொல்ல முடியல."

பேக்கிங்கிலும் ஆட்களை இடிக்கிறாள் என்று வேலை நின்றுபோனது. மாத்திரை தொடங்கி நாலு மாதம் ஆனது. தலைவலி விட்டது. ஒரு சனிக்கிழமை காலை பாத்ரூமிலிருந்து லிடியா கூப்பிட்டாள். "அம்மா, வந்துடிச்சி."

அன்னபுஷ்பம் செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் பேட் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றப்போனார். சுற்ற வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு, தெருவெல்லாம் தெரியக் கையில் பிடித்தபடி திரும்பினாள். பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் நின்று நீட்டினாள்.

லிடியா கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள். எதிரே இருந்த வெறுஞ்சுவரைப் பார்த்தபடி கையை நீட்டினாள். பாக்கெட் அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"எங்கம்மா கீற? குடு."

"இதோ கீறேன் பாப்பா," என்று சுற்றி வந்து, மகளுக்கு நேர் எதிரே நின்று, அதை அவள் கையில் வைத்தாள் அன்னபுஷ்பம்.