கழுதை பிடித்த பாய்மரம்

போன சனிக்கிழமை சாயங்காலம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். பேனா இல்லை, பேப்பர் இல்லை... ஆனால் பரீட்சைதான்!

இரண்டு வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் ஒரு வெளிநாட்டு கார்ட்டூன் படத்தைப் பற்றி எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? ஒரு கழுதையும் ஒரு வாத்தும் படகேறிக் கடலைக் கடக்கிற கதை. பேச்சே கிடையாது, வெறும் இசை. 'குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் ரசிப்பார்கள்' என்று கொஞ்சம் தெனாவெட்டாகவே முடித்திருந்தேன்.

வந்தது ஒரு போஸ்ட் கார்டு. எழுதியவர் ஏகாம்பரம். பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, இப்போது ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர். "பட்டணத்து ஏ.ஸி. தியேட்டரில் உட்கார்ந்து எழுதிவிட்டீர்கள். பிள்ளைகளுக்காக அந்தப் படம் ஒரு நாள் எங்கள் கொட்டகைக்கு வருகிறது. எங்களோடு உட்கார்ந்து பாருங்கள். பெரியவர்கள் எழுந்து போய்விட்டால், இனி சினிமா பற்றி எழுதுவதில்லை என்று உங்கள் பத்தியிலேயே போட வேண்டும். சம்மதமா?"

ரோஷம் சும்மா இருக்குமா? சம்மதம் என்று பதில் போட்டேன். தபால்பெட்டியில் கார்டு விழுந்த பிறகுதான் யோசித்தேன். சினிமாவை விட்டால் எனக்கு என்ன எழுதத் தெரியும்? சமையல் குறிப்பா?

கொட்டகை வாசலில் ஏகாம்பரம், எட்டு வயது மகள் சாந்தியோடு காத்திருந்தார்.

"வா ஸார்! கார்டு போட்டேன்னு கோச்சுக்கினியா? இங்க ஒரே மெஷினு. ரீலு மாத்தசொல்லோ லைட்டு போடுவாங்க. படம் பேஜாருன்னா ஆம்பளைங்க பீடி வலிக்கப் போயினே இருப்பாங்க. அதான் எங்க ஊரு மார்க்கு!"

முதல் ரீல் முடிந்தது. வாத்து தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்ததில் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. லைட் வந்ததும் பதினைந்து இருபது ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். ஏகாம்பரம் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, பீடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நான் மனதுக்குள் சமையல் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

போனவர்கள் திரும்பி வந்து உட்கார, இரண்டாவது ரீலில் புயல். கழுதை பாய்மரக் கயிற்றைப் பிடித்தது. அவ்வளவுதான், ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"டேய் கழுத! காத்து அந்தாண்ட அடிக்குது, பாயை இந்தாண்ட இழுக்கிறியே!"

"கயித்த வுடுடா! கவுந்துடும்டா!"

பட்டணத்தில் இதே காட்சிக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இங்கே பெரியவர்கள் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. என் விமர்சனத்தில் வண்ணக் கலவையைப் பற்றி ஒரு பாராவே எழுதியிருந்தேன். பாயைக் கவனித்தேனா? இல்லை!

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து ரீல் தீர்ந்தது. லைட் வந்தது. பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன்.

ஒருவர்கூட அசையவில்லை!

ஆபரேட்டர் கேபினிலிருந்து தலையை நீட்டினார். "இன்னா, ஒர்த்தரும் வெளிய போலியா?"

"சீக்கிரம் மாத்துய்யா! அங்க படகு முழுகிக்கினு இருக்குது!"

கத்தியது யார்? சாட்சாத் ஏகாம்பரம்! எழுந்தே நின்றுவிட்டார். விரலிடுக்கில் பீடி... பற்ற வைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த என் ஞாபகம் அப்போதுதான் வந்தது போலும்; அசடு வழிந்தார். நான் பெருந்தன்மை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்! அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு தடவை மணலில் உட்காரலாம்.

கடைசி ரீலில் படகு கரை சேர்ந்தபோது கொட்டகையே எழுந்து கைதட்டியது. "நீ கெலிச்சுட்ட ஸார்," என்றார் ஏகாம்பரம். "ஆனா கழுதைக்குப் பாய் கட்டத் தெரில, அதையும் எழுது." எழுதிவிட்டேன்.

இனி ஒரு படம் சின்னவர்களுக்கா, பெரியவர்களுக்கா என்று என்னைக் கேட்காதீர்கள். சாந்தியைக் கேளுங்கள். ரீல் மாற்றும்போது அப்பாவின் லுங்கியைப் பிடித்து இழுத்து அவள்தான் சொன்னாள்:

"உக்காரு நைனா... அது பொம்மைப் படம்!"