நாகப்பட்டினம் ஏன் லைனை கட் பண்ணியது?

போன வாரம் ஸ்டெல்லா அக்கா எங்கள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். குடும்ப குரூப்பிலிருந்து மச்சினர் வெளியேறினால் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். இது அப்படியில்லை.

வெளியூர் லைனை ஆள்தான் இணைக்க வேண்டும் என்றிருந்த டிரங்க் கால் காலத்தில் நான் தஞ்சாவூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். எங்களுக்கு அது பழமொழி இல்லை... மாதச் சம்பளம்! ஸ்டெல்லா அக்கா நாகப்பட்டினம் எக்ஸ்சேஞ்ச். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான் – அதுவும் முழுக்க லைனிலேயே. தினமும் பேசினோம், நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருக்கு நான் 'தஞ்சாவூர்', எனக்கு அவர் 'நாகப்பட்டினம்'. பெயர் தெரிந்ததே ரொம்ப நாள் கழித்துத்தான்.

"லைன்ல முகம் தெரியாது தஞ்சாவூர். குரலுக்குத்தான் தலை வாரிப் பூ வைக்கணும்" என்பார்.

அவர் குரல் அப்படித்தான் இருக்கும். மேட்டூர்த் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டு அலறும் மிராசுதார்கூட, அவர் "ஒரு நிமிஷம் இருங்க" என்றால் இருப்பார்.

கல்யாணம், டிரான்ஸ்பர், ரிட்டையர்மென்ட்... ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். குடவாசல் எக்ஸ்சேஞ்சில் இருந்த ராஜலட்சுமிதான் எல்லோரையும் தேடிப் பிடித்து குரூப் ஆரம்பித்தாள். வேளாங்கண்ணியில் இருந்த ஸ்டெல்லா அக்காவையும் பிடித்துப் போட்டாள்.

ஆபரேட்டர்கள் டைப் அடிப்பார்களா? குரூப் முழுக்க வாய்ஸ் மெசேஜ்தான். ஸ்டெல்லா அக்கா மட்டும் கட்டைவிரலைக் காட்டுவார், அதோடு சரி.

தஞ்சாவூரில் எல்லோரும் கூடுவது என்று முடிவானதும் ராஜலட்சுமி ஒரு மெசேஜ் போட்டாள்: "கூட்டத்தை ஸ்டெல்லா அக்காதான் ஆரம்பிக்கணும். அந்தக் குரலைக் கேக்கத்தானே வர்றோம்!"

கொஞ்ச நேரத்தில் அக்கா குரூப்பில் இல்லை.

ராஜலட்சுமி போன் அடித்தாள் – கட். நான் அடித்தேன் – கட். ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டரின் லைனைப் பதிலே சொல்லாமல் கட் பண்ணுவதா? அது கன்னத்தில் அறைகிற மாதிரி.

"நான் என்னடி தப்பாச் சொல்லிட்டேன்? அவங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம்?" என்று புலம்பினாள் ராஜலட்சுமி.

இப்போது விட்டால் அவரை இனிப் பார்க்கவே முடியாது என்று எனக்குப் பட்டது. பஸ் ஏறினேன். ராஜலட்சுமி திருவாரூரில் ஏறிக்கொண்டாள். அவளுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அதனால் எங்கள் கவலை மொத்த பஸ்ஸுக்கும் தெரிந்துவிட்டது.

வேளாங்கண்ணியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினோம். ஒல்லியான ஒரு அம்மா திறந்தார். அந்த வெயிலிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார்.

"ஸ்டெல்லா அக்காவா?" என்றேன்.

உதடு அசைந்தது. வெறும் காற்றாக ஒரு சத்தம்: "தஞ்சாவூரா?"

தொண்டையில் ஆபரேஷனாம். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது.

"உங்களுக்கெல்லாம் என்னைக் குரலாத்தானே தெரியும்? அது இல்லாம வந்து நின்னா நான் யாரு?" என்று கிசுகிசுத்தார்.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டையர்டு பஸ் டிரைவர் இருக்கிறார். பார்வை மங்கியதிலிருந்து டிப்போ பக்கமே போவதில்லை. எதற்காக நம்மை நாலு பேர் மெச்சினார்களோ, அது போனதும் நாமே போய்விட்டதாக நினைத்துவிடுகிறோம்... இல்லையா?

நல்லவேளை, ராஜலட்சுமிக்கு எதுவும் காதில் விழவில்லை.

"என்னடி சொல்றாங்க?"

"கூட்டத்துக்கு வரமாட்டாங்களாம். குரல் போயிடுச்சாம்."

"அதுக்கு? நாம என்ன கச்சேரியா வெச்சிருக்கோம்? கேளு!"

சொன்னேன். அக்கா முணுமுணுத்தார். அதை இவளிடம் சத்தமாகச் சொன்னேன். இவள் பதிலை, கத்தல் இல்லாமல், அவரிடம் சொன்னேன். இப்படி நாலைந்து தடவை போய் வந்ததும், மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் லைன் இரைந்தால் குடவாசல் பேசுவது நாகப்பட்டினத்துக்குக் கேட்காது. நடுவில் இணைக்கும் தஞ்சாவூருக்கு இரண்டும் கேட்கும். இவர் சொன்னதை அங்கேயும் அவர் சொன்னதை இங்கேயும் நாங்களே திருப்பிச் சொல்வோம். எத்தனை பிரசவம், எத்தனை நிச்சயதார்த்தம் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது! 'சொந்தக் குரலில் வரலையே' என்று யாராவது கோபித்துக்கொண்டார்களா?

"குடவாசல்கிட்ட சொல்லு... அந்த வாய் இன்னும் குறையலைன்னு" என்றார் அக்கா.

சொன்னேன்.

"எனக்குக் காது போச்சு, அவங்களுக்குக் குரல் போச்சு. பாகம் சரியாப் பிரிஞ்சிருக்குன்னு சொல்லு!"

அக்கா சிரித்தார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. இந்தச் சிரிப்பு லைனில் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

கிளம்பும்போது கேட்டேன். "அப்ப கூட்டத்துக்கு?"

அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"வரேன். ஆனா நீ என் பக்கத்துலேயே உக்காரணும். சாப்பிடக்கூட எழுந்து போகக் கூடாது."

பென்ஷன் வாங்குகிறவளுக்கு மறுபடியும் டியூட்டி – சாப்பாட்டு இடைவேளைகூட இல்லாமல்!