யசோதாவின் மூன்று நாள்

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கிழிந்த பாயைப் போட்டுக்கொண்டு யசோதா வேர்க்கடலை உரிக்கிறாள். தனித் தட்டு, தனிச் சொம்பு. மாதா மாதம் மூன்று நாள் அவளுக்கு இந்த இடம்தான். அம்மா பொன்னியம்மாள் எட்ட நின்று தட்டில் சோற்றைப் போடுகிறாள். தெருவுக்கே கேட்கும்படி, "ஏய், எதையும் தொட்டுடாதடி!" என்று ஒரு சத்தமும் போடுகிறாள்.

அத்தனையும் வேஷம். பதினேழு வயதாகியும் அந்தப் பெண் இன்னும் பெரியவளாகவில்லை.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் வர்ல அக்கா. அம்மாதான் குந்திக்கினு இருன்னுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். 

ஆள் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். உயரம் வந்தது, மூக்குக்கு மேல் கோபம் வந்தது, காரணமில்லாத அழுகையும் வந்தது. அது மட்டும் வரவில்லை. யாரும் பார்க்காதபோது தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடுவாள். யாராவது வந்தால் சட்டென்று நின்று பெரிய மனுஷி மாதிரி கொண்டையைச் சரிசெய்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழாயடியில் யாரோ யசோதாவை 'இருசி', வயதுக்கே வராதவள் என்று சொன்னது பொன்னியம்மாள் காதில் விழுந்தது. புருஷன் இல்லாத வீடு, பயந்துபோனாள். மறுவாரமே மகள் பெரியவளாகிவிட்டாள் என்று பள்ளிப்பட்டுக்கு ஆளனுப்பினாள். தாய்மாமன் செங்கல்வராயன் வந்து பச்சை ஓலைக் குடிசை கட்டினார். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், களி கிண்டிக் கொடுத்தார்கள். அவருக்கே பெண் என்று பேச்சாயிற்று.

இப்போது மாநில எல்லையைப் பிரிப்பதில் பள்ளிப்பட்டு மெட்ராஸ் பக்கம் போகிறது, நகரி ஆந்திராவிலேயே நிற்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கோடு போடுவதற்குள் தாலி ஏறிவிட வேண்டும் என்று பொன்னியம்மாளுக்கு அவசரம். சித்தூர் ஆஸ்பத்திரியில் காட்டிப் பாரேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "ஊர் சிரிக்கவா? கண்ணாலம் ஆனா தானா சரியாப் பூடும்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். பாவி, பெற்ற பெண்ணின் தலையிலேயா கல்லைப் போடுவாள்?

"அப்பால தெரிஞ்சா மாமா என்னத் தொரத்திடும் இல்லக்கா?" என்று யசோதா கேட்டாள். 

இன்று யசோதா பாயில் இருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் செங்கல்வராயன் தாம்பூலத்தோடு வந்துவிட்டார். முறம் திருப்பிக் கொடுக்கப் போன நானும் அங்கேதான் இருந்தேன். தை மாசமே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

யசோதா பாயை விட்டு எழுந்தாள். கொல்லைக் கதவு வழியாக நேரே அடுப்படிக்குள் போனாள். குடத்தில் சொம்பை முக்கி எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ஐயையோ, கொடத்தத் தொட்டுட்டியேடி!" என்று பொன்னியம்மாள் அலறினாள்.

"நான் தூரமெல்லாம் இல்ல மாமா. ஒருநாளும் ஆனதில்ல. அன்னிக்குச் சடங்கு செஞ்சதும் பொய்யி. தெரிஞ்சிக்கினே கட்டிக்கிறதுன்னா கட்டிக்கோ."

செங்கல்வராயன் தன் அக்கா பொன்னியம்மாளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், தாம்பூலத் தட்டையும் எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் தளும்பி யசோதாவின் தாவணியில் சிந்தியது. அவர் தெருவில் இறங்கிய பிறகும் அவள் சொம்பை நீட்டிய கையை மடக்கவில்லை.