அக்கரையில் வீடில்லை

ரைசாவைத் தெரிந்தவர்கள் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். பேய் என்றாலே சிரிக்கிற பெண் அவள். இப்போது சிரிப்பதில்லை.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் அவள் டிசைனர். போன ஜூனில் பிரான்ஸிலிருந்து ஒரு சின்ன ஆர்டர் வந்தது. ஓர்வெனாக் என்று ஒரு மலைக் கிராமம். முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். ஊர்த் திருவிழாவுக்கு எல்லோரும் ஒரே டி-ஷர்ட் போட வேண்டுமாம். நெஞ்சில் ஊரின் வரைபடம்.

வடக்கே மலை. ஊரை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு ஓடும் ஆறு. அதன்மேல் ஒரு கல் பாலம். இக்கரையில் சர்ச், மாவு மில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டு வீடுகள். அக்கரையில் ஒன்றுமே இல்லை. பாலம் போய் முடிகிற இடத்தில் வெறும் புல்வெளி.

அவள் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்ததைப் பிரிண்டிங் மாஸ்டர் குமாரவேல் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் மொட்டையாக் கெடக்குதே கண்ணு. நாலு ஊடு போட்டு உட்றலாமில்ல?"

"போட்றலாங்க மாஸ்டர்."

போட்டாள். அழகுக்காக எல்லா வீட்டுக்கும் திறந்த கதவு வைத்தாள்.

டிசைனைக் கண்ணாடி போன்ற ஃபிலிம் தாளில் பிரிண்ட் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் முதலில் உறுத்தியது. கதவுகள் மூடியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே இரண்டு பலகை. அவள் வரையாத பலகை.

கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தாள். அங்கே கதவு திறந்துதான் இருந்தது. பிரிண்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று மணி. வெளியே நல்ல வெயில். ஃபிலிமில் இருக்கும் படத்தைத் துணியில் அச்சடிக்கிற ஸ்கிரீன் சட்டத்தில் ஏற்ற இருட்டறைக்குள் போனாள். சின்ன அறை. மஞ்சள் பல்பு ஒன்று. கதவைச் சாத்தினாள்.

டக்.

வெளியே யாரோ கதவில் அடித்தார்கள்.

டக்... டக்... டக்...

தட்டுகிற சத்தம் இல்லை அது. ஆணி அடிக்கிற சத்தம்.

"மாஸ்டர்? உள்ள நான் இருக்கேனுங்க!"

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தாழ்ப்பாளே இல்லாத கதவு அது.

வெளியே ஆண்களின் குரல். பலர். தெரியாத மொழி. ஆனால் வசவு எந்த மொழியில் இருந்தாலும் வசவு என்று புரிந்துவிடும். அவர்கள் அவளை வெறுத்தார்கள். அவள் உள்ளேயே சாக வேண்டும் என்று நின்றார்கள்.

கதவிடுக்கில் புகை வந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஒரு குழந்தை.

ரைசா திரும்பவில்லை.

மஞ்சள் பல்பு மங்கியது. மூச்சு முட்டியது. "யா அல்லாஹ்..." கையில் டேப் வெட்டும் பிளேடு இருந்தது. என்ன தோன்றியதோ, ஃபிலிமைத் தரையில் போட்டு அக்கரை வீடுகளைச் சுரண்டினாள்.

ஒன்று போனது. வெளியே கத்தினார்கள்.

இன்னொன்று. கதவு அதிர்ந்தது.

சுரண்டினாள்...

சுரண்டினாள்...

கடைசி வீடு.

அமைதி.

கதவு தானாகத் திறந்தது.

எதிரே குமாரவேல், கையில் டீ டம்ளரோடு. "எங்க கண்ணு போயிருந்தே? கதவு தொறந்துதான் கெடந்துது. ரெண்டு தடவ உள்ள வந்து பாத்தேன். ஆரையும் காணோம்."

ரைசா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கைக்குட்டையில் இருமினாள். வந்தது கரி.

மறுநாள் காலையில் அந்த ஊர் விழாக்குழுவிலிருந்து ஆர்டர் கொடுத்த ஓதில் என்ற அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அக்கரையில் ஏன் வீடில்லை?

அந்த அம்மா சொன்னாள். முன்னொரு காலத்தில் கொள்ளைநோய் வந்தது. முதலில் வந்தது அக்கரையில். இக்கரைக்காரர்கள் பாலம் தாண்டிப் போனார்கள். உயிரோடு இருந்தவர்களை உள்ளே வைத்துக் கதவுகளை ஆணியடித்தார்கள். தீ வைத்தார்கள். அதன் பிறகு அங்கே யாரும் கல் வைத்ததில்லை. படத்தில்கூட வரைந்ததில்லை.

"இன்றைக்கு ஏன் இதைக் கேட்கிறீர்கள்?" அந்த அம்மா கேட்டாள். "நேற்று எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார். ஆடு மேய்ப்பவர். பகலில், அந்தப் புல்வெளியின் நடுவில்."

"எப்படி?"

"நெஞ்சு நிறையப் புகை என்கிறார் டாக்டர். ஆனால் அங்கே ஒரு புல்கூடக் கருகவில்லை."