இறைப்பு மிசினில் இருந்த ச

"ரீச்சர், ச எங்க இருக்கு?"

சங்கீதப் பாடத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அன்று மட்டும் பதில் தெரிந்தவள் போல, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "அந்தா, அங்க" என்று சொல்லிவிட்டேன். நான் காட்டியது பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இறைப்பு மிசினை.

செட்டிகுளத்துக்குப் பக்கத்தில், போரில் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் படித்த சின்னப் பள்ளிக்கூடம் அது. நான் படிப்பிக்கப் போனது தமிழ். சின்ன வயதில் மூன்றாம் தரம் வரை சங்கீதச் சோதனை எடுத்தேன் என்று ஒருநாள் அதிபரிடம் சொன்னதுதான் பிழை. அடுத்த கிழமையே செவ்வாயும் வியாழனும் ஒவ்வொரு சங்கீதப் பாடவேளை என் தலையில் விழுந்தது. சுருதிப் பெட்டி இல்லை. கையில் பத்து மாத மகள். வீட்டில் பார்க்க ஆளில்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். பிள்ளைகள் இருக்கும் கடைசி வாங்குக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு விட்டால் தவழ்ந்துகொண்டிருப்பாள்.

சுரங்களைப் படிப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ச என்றால் இரண்டு கையும் முழங்காலில். க இடுப்பில். ப தோளில். மேல் ச தலைக்கு மேலே. பாடிக்கொண்டே கையை ஏற்றினால் குரலும் ஏறும். ஆனால் தொடங்கும் ச ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொன்றாக வந்தது. எனக்கே நேற்றைய ச இன்றைக்கு வராது. தடிமன் பிடித்துத் தொண்டை கட்டினால் கேட்கவே வேண்டாம்.

அப்படி ஒரு நாள்தான் அந்த மிசின் ஓடத் தொடங்கியது. "ம்ம்ம்" என்று ஒரே சீரான சத்தம். பிள்ளைகள் தங்களை அறியாமல் அதற்குள் போய் இறங்கினார்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே ச! பாயில் கிடந்த மகள் அந்தச் சத்தத்திலேயே நித்திரையாகிவிட்டாள்.

மிசின்காரர், பக்கத்தில் மிளகாய்த் தோட்டம் செய்த முஸ்லிம் விவசாயி. எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். வேலியடியில் போய் நின்று கேட்டேன்.

"நானா, செவ்வாய், வியாழன் மூன்றாம் பாடத்துக்கு இறைக்க ஏலுமோ?"

"ஏன் டீச்சர், சத்தம் கரைச்சலா? நிப்பாட்டவா?"

"இல்லை நானா, பிள்ளையள் அதுக்குத்தான் பாடுறவை."

அவர் மிசினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஊட்டுல பொண்டாட்டி காதப் பொத்துறா. இஞ்ச பாட்டா? அல்லாவே!" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவருடைய மிளகாய் எங்கள் பாட நேரசூசியின்படிதான் தண்ணீர் குடித்தது.

அதிபருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "கணிதத்தில பிள்ளையள் விழுந்துபோய்க் கிடக்குதுகள். நீங்கள் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நிக்கிறியள்," என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். கல்வி வலயத்திலிருந்து சங்கீத ஆசிரிய ஆலோசகர் வருவா. அவா நல்லது என்று சொன்னால் பாடவேளை இருக்கும். இல்லாவிட்டால் இரண்டும் கணிதத்துக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் என் பழைய சங்கீதக் கொப்பியைப் புரட்டினேன். பிழையாகப் படிப்பிக்கிறேனோ? மிசினைச் சுருதி என்று சொன்னால் அவா சிரிப்பாவோ? நானாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க பயப்படாதீங்க, நான் பாத்துக்கிறன்," என்றார். அந்த வார்த்தையில்தான் நான் கொஞ்சம் பயப்பட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஆலோசகர் வந்து கதிரையில் இருந்தா. கண்ணாடி, கொப்பி, சிவப்புப் பேனை. பக்கத்தில் அதிபர். மிசின் தொடங்கியது. அது எங்கள் "ம்ம்ம்" இல்லை. "ஈஈஈ" என்று எங்கேயோ மேலே நின்று கத்தியது. பெரிய ஆள் வருகிறா, நன்றாகக் கேட்கட்டும் என்று நானா மிசினின் வேகத்தை முடிந்தமட்டும் கூட்டி விட்டிருக்கிறார்!

நான் கையை ஏற்றினேன். பாதிப் பிள்ளைகள் முழங்காலைத் தொட்டுப் பழைய ச பாடினார்கள். மற்றப் பாதி இடுப்பில் கையை வைத்து மிசினோடு கத்தினார்கள். வகுப்பு ஒரு சந்தை. ஆலோசகரின் பேனை அப்படியே நின்றது. அதிபர் அடுத்த பாடக் கணிதக் கொப்பியைத் தேடுகிறவர் போல மேசையைப் பார்த்தார்.

"என்ன பிள்ளையள் இது?" என்று ஆலோசகர் கேட்டா.

முதலில் கேள்வி கேட்ட அதே பிள்ளைதான் எழும்பினாள். "மிஸ், ச இடம்பெயர்ந்திட்டுது."

"என்னது?"

"முழங்காலில இருந்தது. இப்ப இடுப்புக்குப் போயிட்டுது. அப்ப ரியும் கவும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்னால போகத்தானே வேணும்? விட்டிட்டு வந்தா அதுகள் என்ன செய்யும்?"

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "கட்டில், மேசை, கோழி எல்லாம் ஏத்திக்கொண்டுதான் போகோணும்!"

வகுப்பே சிரித்தது. அவள் திரும்பி, "எல்லாரும் இடுப்பு!" என்று அதட்டினாள். எல்லாரும் இடுப்பில் கையை வைத்தார்கள். மிசினோடு சேர்ந்து ஒரே ச. ரி. க. எல்லாம் சரியான தூரத்தில், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஏறின. ப வந்தபோது கை தலைக்கு மேலே போய்விட்டது. இனி எங்கே போவது? ஒருத்தி வாங்கில் ஏறினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தொரு பேரும் வாங்குகளில். மேல் ச-வுக்குத் துள்ளினார்கள். பாதிக் குரல் உடைந்தது, மீதி கீச்சிட்டது. பாயிலிருந்த என் மகள் கையைத் தட்டிக்கொண்டு எல்லாருக்கும் மேலே ஒரு வீறிடல் விட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தா. அதிபரிடம், "ச எங்க போனாலும் மற்றச் சுரங்களும் அதே தூரத்தில கூடப் போகும் எண்டதை நான் பயிற்சிக் கல்லூரியில ஆசிரியர்மாரை ஒரு மாதம் மறிச்சு வைச்சுச் சொல்லிக் குடுக்கிறனான். அப்பவும் விளங்காது. பாடவேளையில கை வைக்காதேங்கோ," என்றா. பிறகு என்னைப் பார்த்து, "ஆனால் வாங்கில ஏற விடாதேங்கோ," என்றா.

வேலிக்கு அப்பாலிருந்து நானா கத்தினார்: "டீச்சர்! இன்னும் கூட்டவா?"

அடுத்த தவணை வலயத்திலிருந்து ஒரு சுருதிப் பெட்டி வந்தது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பரவாயில்லை ரீச்சர், ஆனா நானான்ர ச மாதிரி இல்லை," என்றார்கள்.

இப்போது நாங்கள் வவுனியா ரவுனில் இருக்கிறோம். மகளுக்கு நாலரை வயது. மின்விசிறி சுற்றினால் அதற்கு ஒரு ச பிடிக்கிறாள். ஓட்டோ வந்து நின்றால் அதற்கு இன்னொன்று. அரிசி அரைக்கும் மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனால் திரும்பிவர மாட்டாள். ஒவ்வொன்றிலும் தொடங்கி, ஏழு சுரத்தையும் பிசகாமல் ஏற்றிவிடுகிறாள். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சங்கீத ரீச்சர், "இப்பவே ஒரு சுருதியில நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி குரல் நிலைக்காது," என்கிறா. என்ர வீட்டுக்காரர், "பிள்ளையை விடும், பாடட்டும்," என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது.

போன கிழமை அவளும் கேட்டுவிட்டாள்: "அம்மா, உண்மையான ச எங்க இருக்கு?" இந்த முறை கை காட்ட ஜன்னலுக்கு வெளியே மிசின் இல்லை.

சங்கீதம் தெரிந்தவர்களும் பிள்ளை வளர்த்தவர்களும் எனக்கு ஒன்று சொல்லுங்கோ. சுருதிப் பெட்டி ஒன்று வாங்கி ச-வை ஓர் இடத்தில் இருத்தட்டா? இல்லை, அது போகிற இடமெல்லாம் பிள்ளையும் போகட்டும் என்று விடட்டா?