தந்தி வராத ஆனி

என் கலியாணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அப்பா இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். நாங்கள் யாழ்ப்பாணத்தார். லண்டனில் படித்துக்கொண்டிருந்த அண்ணாவுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை, முடிந்ததும் அவனுடைய கூட்டாளி தந்தி அடிப்பான் என்று கடிதம் வந்திருந்தது. எனக்கு வைத்ததோ ஆனிக் கடைசி முகூர்த்தம். தவறினால் ஆடி, ஆடியில் யார் தாலி கட்டுவார்? அண்ணாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் துடக்கு என்கிற சாவுத் தீட்டில் கலியாணமே நின்றுவிடும்.

தந்தி வரவில்லை. தபால் பையோடு வந்த தோட்டத்து ஆள், "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்று தலையைச் சொறிந்தார். லண்டன் தந்தியும் அப்போது வானொலி அலையில்தான் கொழும்புக்கு வரும். அப்பா றேடியோவைத் திருகினார். லண்டன் செத்துக் கிடந்தது. அவுஸ்திரேலியா மட்டும் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்டது.

"லண்டன் ஸ்டேசனிலதான் ஏதோ கோளாறு. வானம் பழுதெண்டா அவுஸ்திரேலியா எப்பிடிக் கேக்கும்?" என்றார். மனம் ஆறாமல் பதுளைக்குப் போய், எனக்குப் பேசியிருந்த விஞ்ஞான ஆசிரியரான மாப்பிள்ளையையே கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது சரிதான் மாமா, வானத்தில பழுதில்லை, தந்தி வாற வழி நல்லாத்தான் இருக்கு. சத்திரசிகிச்சை தள்ளிப்போயிருக்கும். கூடாத செய்தியெண்டா இதுக்குள்ள தந்தி வந்திருக்கும். நாளை மாத்தாதேங்கோ," என்றாராம். அப்பா நிம்மதியாகத் திரும்பி வந்து பந்தல் போடச் சொன்னார்.

தாலி ஏறியது. மறுநாள் தந்தி வந்தது. கலியாணத்துக்கு முன்னமே அண்ணா செத்திருந்தான். அம்மா என் கூறைச் சேலையைப் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டா.

சில வருடம் கழித்து, இன்னொரு ஆனியில் அதே கூத்து. லண்டன் இல்லை, அவுஸ்திரேலியா முழங்குகிறது. என் கணவர் உற்சாகமாக விளக்கத் தொடங்கினார். சூரியனால் காந்தப் புயல் எழுந்தால் பூமி முழுவதையும்தான் தாக்குமாம். ஆனால் உயரத்தில் அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்படலம், கோடையாக இருக்கிற வடபாதியில் மெலிந்துபோகும். குளிர்காலமான தென்பாதியில் சிலவேளை தடிக்கும்.

"புயல் ஒண்டுதான், ரண்டு பக்கமும் ரண்டு விதம். லண்டனிலயிருந்து வாற தந்தியெல்லாம் தேங்கிப்போம்."

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பல்கலைக்கழகத்திலயே படிச்சனான்," என்றவர் சட்டென்று வாயை மூடினார்.

"அப்பாட்டை ஏன் சொல்லேல்லை?"

அவர் றேடியோவை அணைத்துவிட்டு, "சொன்னா நாள் தள்ளிப்போயிருக்கும். பிறகு துடக்கு. உம்மை வேற ஆருக்காவது குடுத்திருப்பினம்," என்றார்.

"அட பாவி, என்ர அண்ணா பிணமாக் கிடக்க எனக்குத் தாலி கட்டினனியோ!" என்று கத்தினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அவரை ஒருமையில் பேசியதில்லை.