சத்தமில்லாத விளம்பரம்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அம்மா செத்த மறு வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் நான்தான். அண்ணன் போனில் மட்டும் பாசம் காட்டுவான். அப்பாவும் அவனைத்தான் விசாரிப்பார். ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காத்துக் கிடந்தேன். அவ்வளவுதான் என் ஆசை.

அவருக்குத் தினமும் சீரியல் பார்க்க வேண்டும். விளம்பரம் வந்தால் குழறிக் குழறிக் கத்துவார். அதனால் சீரியலைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் விளம்பரத்தை வெட்டி, மறுநாள் மதியம் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். பெரிய வித்தை இல்லை. சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் திரை ஒரு நொடி கறுப்பாகும். மென்பொருள் அதைப் பிடித்து, விளம்பரத்தை மட்டும் சிவப்பாகக் காட்டும். நான் ஓட்டிப் பார்க்கக்கூட மாட்டேன். சிவப்பு எல்லாவற்றையும் அழித்துவிடுவேன்.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அப்பாவின் முகம் தொங்கிப் போனது.

"நடுவுல... வர்றது... எங்க?"

"எது, சோப்பு விளம்பரமா? அது வந்தாத்தானே அந்தக் கத்து கத்துனீங்க?"

இந்த வீட்டில் நல்லது செய்தாலும் எனக்குக் கெட்ட பெயர்தான்.

அன்று மருந்துக்கடை வேலை முடிந்து வரும்போது மணி இரண்டு பத்து. அப்பா ஹால் நாற்காலியில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"இன்னைக்கு வெட்டாத," என்றார்.

குழறல் இல்லை... பக்கவாதம் வந்த பிறகு அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை.

"சரிப்பா," என்றேன். அவர் திரும்பவில்லை.

உள் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஐந்து சிவப்பு. ஒன்றில் மட்டும் ஒலிக்கோடு தட்டையாக இருந்தது. சத்தமே இல்லாமல் யார் விளம்பரம் போடுவார்கள்? ஓட்டிப் பார்த்தேன்.

எங்கள் ஹால்.

டிவி இருக்கும் இடத்திலிருந்து பார்த்த மாதிரி...

நாற்காலியில் அப்பா. அவர் தோளில் கை வைத்தபடி அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒருநாளும் காட்டாத சிரிப்பு. பின்னால் நான் வாளியோடு கடந்து போனேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அவர் இத்தனை நாள் விளம்பரத்தைத் திட்டவில்லை. அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

திரையில் அப்பா போட்டிருந்த சட்டையைப் பார்த்தேன். நீலக் கட்டம். இன்று காலைதான் கவரைப் பிரித்து அவருக்குப் போட்டுவிட்ட புதுச்சட்டை.

பதிவானது நேற்று...

அம்மா குனிந்து காதில் ஏதோ சொன்னாள்.

அப்பா எழுந்தார். தானாக. நடந்தார்.

திரை கறுத்தது.

சரக்... சரக்...

கம்ப்யூட்டரில் இல்லை. ஹாலில்.

செருப்புச் சத்தம். வாசல்வரை போய் நின்றது.

ஓடினேன். அப்பா நாற்காலியில்தான் இருந்தார். கையைத் தொட்டேன்.

ஜில்லென்று இருந்தது.

தெருமுனை டாக்டர் வந்தார். அப்பாவின் விரல்களை நீட்டிவிடப் பார்த்தார். முடியவில்லை.

"நல்லா விறைச்சுப் போச்சும்மா. காலையில நீங்க வேலைக்குக் கிளம்பின கொஞ்ச நேரத்துலயே உயிர் போயிருக்கும்."

"ரெண்டு மணிக்கு எங்கிட்ட பேசினாரு, டாக்டர்."

"அதிர்ச்சியில அப்படித் தோணும்மா."

தோன்றவில்லை. கேட்டேன். செத்துப் பல மணி நேரம் கழித்து, என்னோடு பேசுவதற்கென்று அப்பா அந்த நாற்காலியில் காத்திருந்திருக்கிறார். அப்போதும் எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. வெட்டாதே என்று அம்மாவைத்தான் கேட்டார்.